கறளுக்கு மேல் கறுப்புப் பெயின்ட்: நிலாவெளித் தம்பியின் டபுள் கெப்

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மீன் வாங்கி பேலியகொடை மீன் சந்தைக்கு அனுப்புகிறவர். பத்து வாரத்துக்கு முன் மனைவியின் நகையையும் அடகு வைத்து, 58 இலட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய டீசல் டபுள் கெப் வாங்கினார். விற்றது வெளி மாவட்டத்து வாகன விற்பனை நிலையம் ஒன்று. மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். "சேசிஸ் கல்லு மாதிரி, கடல் பக்கமே ஓடாத வாகனம்" என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவும் வந்திருக்கிறது. ஆறாவது வாரம் இன்ஜெக்டர் போனது, அடுத்து டர்போ. போன வாரம் கராஜில் தூக்கிப் பார்த்தால், பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் வாகனத்தின் அடிச்சட்டமான சேசிஸைக் கறள் தின்றிருக்கிறது, அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் பிடித்து கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இஞ்சின் கவரில் இருந்த பழைய ஸ்டிக்கரில் 2,47,000 கிலோமீட்டரில் டைமிங் பெல்ட் மாற்றியதாக எழுதியிருக்கிறது. புக் (வாகனப் பதிவுப் புத்தகம்) இன்னும் யாரோ மூன்றாம் ஆளின் பெயரில், தம்பியின் கையில் இருப்பது ஓபன் பேப்பர், அதாவது வாங்குகிறவர் பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவம். பற்றுச்சீட்டு சிங்களத்தில், அதில் "பார்த்துத் திருப்திப்பட்டு வாங்கினேன், பிறகு பொறுப்பில்லை" என்று ஒரு வரி. திருத்த 9 இலட்சம் கேட்கிறார்கள். "அண்ணா, அந்த 9 இலட்சத்தை அவர்களிடம் வாங்க முடியுமா, இல்லை இது என் தலைவிதியா?"

தம்பி, முதலில் வாகனத்தைத் திருத்தக் கொடுக்காதீர்கள். ஓட்டவும் வேண்டாம். பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் சேசிஸ் இற்றுப்போன வாகனத்தில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று போய்வர 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது உயிரோடு விளையாடுவது. அதோடு அந்தத் தகடும் பெயின்ட்டும்தான் உங்கள் வழக்கு. கராஜ்காரர் அதை வெட்டி எறிந்துவிட்டால் நீதிமன்றத்தில் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நீங்கள் கேட்ட 9 இலட்சம் முழுவதையும் சட்டம் ஒரே கண்ணால் பார்க்காது. பழைய டீசல் வாகனத்தில் இன்ஜெக்டர் போவதும் டர்போ தேய்வதும் டயர் மாற்றுவதும் வாங்குகிறவர் எதிர்பார்க்க வேண்டிய செலவு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும்வரை இருந்த வாகனங்களையே கைமாற்றி ஓடினோம், அதனால் சந்தையில் இருக்கிற டபுள் கெப்களில் வயது போனவை நிறைய, விலை மட்டும் இளமை. ஆறு வாரம் ஓடிவிட்டு இன்ஜெக்டர் பழுது என்று மட்டும் சொல்லிப் போனால், "பழைய வாகனம் ஐயா" என்ற ஒரே பதிலில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முடித்துவிடுவார். ஆனால் 2,47,000 ஓடிய வாகனத்தை 1,38,000 என்று விற்றதும், இற்ற சேசிஸைப் பெயின்ட்டால் மூடிவிட்டு "கல்லு மாதிரி" என்று சொன்னதும் பொய். பழுதுக்காக வழக்குப் போட்டால் தோற்கலாம். பொய்க்காகப் போட்டால் இன்ஜெக்டரும் டர்போவும்கூடப் பின்னால் வரும், ஏனென்றால் ஒரு இலட்சத்துக்கு மேல் கூடுதலாக ஓடிய வாகனம் என்று தெரிந்திருந்தால் அந்த விலைக்கு நீங்கள் வாங்கியிருக்கவே மாட்டீர்கள்.

இங்கே பேசுவது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பழைய சட்டம்தான், ஆனால் உங்களுக்கு உதவும். பொதுவாக விற்கிற பொருள் தரமானது என்ற உத்தரவாதம் தானாக வராது, வாங்குகிறவர்தான் பார்த்து வாங்கவேண்டும். அதற்கு விலக்குகள் 15ஆம் பிரிவில் இருக்கின்றன. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகச் செய்கிறவரிடம், இன்ன தேவைக்கு என்று சொல்லி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு அது பொருந்தவேண்டும். மீன் ஏற்றத்தான் என்று நீங்கள் மெசேஜில் எழுதியதாகச் சொல்கிறீர்கள், அந்த ஒரு வரி பெறுமதியானது. இதே வாகனத்தைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் வாங்கியிருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது, அவர் வாயால் சொன்ன பொய்யை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டி வரும்.

நீங்கள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்தீர்கள் என்பதை அவர்கள் கட்டாயம் இழுப்பார்கள். பார்த்து வாங்கினால், அப்படிப் பார்க்கும்போது தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்குப் பிறகு முறையிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பெயின்ட் பூசி மறைத்ததை வெளியால் நின்று பார்த்த மெக்கானிக் எப்படிக் கண்டுபிடிப்பார்? பற்றுச்சீட்டில் உள்ள அந்த வரிக்கும் பயப்படாதீர்கள். கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பது பொது விதி, வாசிக்கத் தெரியாத மொழி என்று மட்டும் சொல்லித் தப்புவது கடினம். ஆனாலும் தெரிந்தே செய்த மோசடிக்கு அப்படி ஒரு வரி கேடயமாகாது. (வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் நடக்கிற தூரத்துக்குள் மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது கிடைப்பார்கள்.)

இன்னொரு வாதமும் வரும், அதற்கு இப்போதே தயாராகுங்கள்: "மீன் தண்ணீர் ஒழுகி, உப்புக்காற்றில் நின்று, கறள் உங்களிடம்தான் பிடித்தது." நம் ஊரில் உப்புக்காற்று வாகனத்தை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் இது நம்பும்படி இருக்கும். பத்து வாரத்தில் சேசிஸ் இரும்பு ஓட்டையாகாது, அந்த வெல்டிங் எப்போது பிடித்தது என்பதைப் பார்க்கத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். ஆகவே தகுதியான ஓட்டோமொபைல் பொறியியலாளர் ஒருவரை அழைத்து, வாகனம் இருக்கிற நிலையிலேயே படங்களோடு எழுத்தில் அறிக்கை எடுங்கள். கராஜ்காரரின் வாய்வார்த்தை போதாது. மீட்டருக்கு உங்கள் மிக நல்ல சாட்சி முன்னைய உரிமையாளர். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விவரத்தைக் கேட்டு எடுங்கள், அவரைக் கண்டுபிடியுங்கள், தான் விற்கும்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். குரல்பதிவு இருக்கிற போனை மாற்றவோ துடைக்கவோ வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால் மெசேஜ் செல்லாது என்று யாரும் தள்ளிவிட முடியாது, ஆனால் மூலம் உங்கள் போனில் இருந்தால்தான் சட்டத்தரணிகளான எங்கள் வேலை இலகு.

அப்புறம் அவசரமான விஷயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய விற்பனை நாளிலிருந்து மூன்று மாதம்தான். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. விசாரித்துச் சரியென்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக்கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ அவர்கள் கட்டளையிடலாம். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், ஆனால் அழைப்போடு நிற்காமல் முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலை விளக்குகிறது, நடந்தது அதற்குள் வரக்கூடும். முறைப்பாட்டைப் பதியுங்கள். பணம் அங்கே திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், பணத்துக்கு வழி சிவில் வழக்கு. வாகனத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்ததும் பேரம் முடிந்து மிச்சப் பணம் கொடுத்ததும் திருகோணமலையில் உங்கள் வீட்டு வாசலில் என்கிறீர்கள். ஒப்பந்தம் இங்கே முடிந்தது என்று காட்ட முடிந்தால் வழக்கை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறத் தேவையில்லை. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று வருடம் என்று காலாவதி எல்லை இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அந்த அவகாசம் பயன்படாது. பொய்யைக் கண்டுபிடித்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் "ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்று ஆகி, வாகனத்தைத் திருப்பிக்கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை கைவிட்டுப் போகும். மிஞ்சுவது விலை வித்தியாசம் மட்டும்: சொன்னபடி இருந்திருந்தால் என்ன பெறுமதி, உண்மையில் என்ன பெறுமதி, அதன் இடைவெளி. அது 9 இலட்சத்தைவிடக் கூடவும் வரலாம், ஆகவே கராஜ் பில்லை மட்டும் கேட்டு உங்களை நீங்களே சுருக்கிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஓபன் பேப்பர். இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. வாகனம் கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும், பத்து வாரம் போய்விட்டது. புக்கில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், நீங்கள் காசு கொடுத்தும் வாகனம் உங்களுடையதாகவில்லை, லீசிங் எடுத்தவர் தவணை கட்டாவிட்டால் கம்பனிக்காரர் வந்து இழுத்துப்போவார்கள். காப்புறுதியும் வேறொருவர் பெயரில் நிற்கிறது, ஒரு விபத்து என்று வந்தால் நீங்கள் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் உடனே ஓடிப்போய் உங்கள் பெயருக்கு மாற்றவும் வேண்டாம், திருப்பிக்கொடுக்கப் போகிற வாகனத்தைப் பெயருக்கு எடுத்தால் அதுவும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியும். முதலில் கோரிக்கைக் கடிதம் போகட்டும்: வாகனத்தைத் திரும்ப எடுத்து 58 இலட்சத்தையும் தாருங்கள், இல்லையேல் விலை வித்தியாசத்தையும் நட்டத்தையும் தந்து பெயரை மாற்றித் தாருங்கள், இத்தனை நாளுக்குள். கடிதத்தை ஒரு சட்டத்தரணி மூலம் இந்த வாரமே அனுப்புங்கள், அந்தக் குரல்பதிவு வந்த திகதியையும் நேரத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.