மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவுக்கு என்ன படம் போடலாம்?

விசைப்படகு கரையில் நிற்பதால் அப்பா வீட்டிலேயே இருக்கிறார், கடல் படம் எதைப் போட்டாலும் "எல்லாம் பொய்" என்று எழுந்து போய்விடுகிறார் என எழுதியிருந்தீர்கள். நான் பாம்பன்காரன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான்.

'மரியான்' வேண்டாம். பாட்டெல்லாம் எனக்கு உயிர். ஆனால் கடல் படம் என்று நம்பி உட்கார்ந்தவரை ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். எங்கள் அப்பா அதோடு தூங்கப் போய்விட்டார்.

'நீர்ப்பறவை' நல்ல படம். கடலுக்குப் போன கணவனுக்காக எஸ்தர் காத்திருப்பதைப் பார்க்க முடியாமல் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். எங்கள் தெருவிலேயே அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டு நிலைமை பார்த்துப் போடுங்கள்.

என்னைக் கேட்டால் கடலையே விட்டுவிடுங்கள். 2022-இல் வந்த 'கடைசி விவசாயி' போட்டுப் பாருங்கள். மெதுவான படம், எனக்கே நடுவில் கொஞ்சம் இழுத்தது. ஆனால் பெரியவராக வரும் நல்லாண்டி நிஜ விவசாயி. அவர் வயலில் குனிந்து வேலை செய்வதைப் பார்த்ததும் அப்பா, "இந்தாளுக்குத் தொழில் தெரியும்டா" என்றார். பொய் சொல்லாத கை எது என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது போல. செத்த மயிலுக்காக அந்தப் பெரியவரைக் கோர்ட்டுக்கு இழுக்கும் இடத்தில் டிவியைத் திட்டினார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

ராத்திரி மட்டும் போடாதீர்கள், காலையில் போடுங்கள். விடியுமுன் எழுந்து பழகியவர்களுக்கு எட்டு மணிக்கே கண் சொக்கிவிடும்.