செடி வளர்க்கும் அறையில் விளக்கு எரியும்போது சூடு, அணைத்ததும் ஈரப்பதம் 90: பெரிய ஏசி வாங்குவதா, டீஹியூமிடிஃபையரா?

3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, 400 வாட் எல்ஈடி, தக்காளியும் லெட்டூஸும். விளக்கு எரியும்போது 30 டிகிரி செல்சியஸ், அணைந்தபின் ஈரப்பதம் 90-க்கு மேல். இதுதான் நீங்கள் சொல்லியிருக்கும் நிலைமை. பெரிய ஏசியோ டீஹியூமிடிஃபையரோ (காற்றிலிருக்கும் ஈரத்தை நீராக எடுக்கும் கருவி) இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். முதலில் விளக்கு அணைந்த பிறகு வருகிற ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஏறக்குறைய இதே அளவு அறையில்தான் நானும் தொடங்கினேன். இரண்டாவது முறை பயிர் வைத்தபோது தக்காளிக் காம்புகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு போலப் படரத் தொடங்கியது. போட்ரைடிஸ் பூஞ்சணம். பத்து நாட்களில் பாதிச் செடிகளை வெட்டி, பையில் கட்டி வெளியே போட வேண்டியதாயிற்று. காய் பிடித்த செடிகள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. ஈரப்பத மீட்டரோ ஒவ்வொரு நாளும் 60, 62 என்றுதான் காட்டியது. அது தொங்கியது கதவோரச் சுவரில். நான் பார்த்ததோ விளக்கு எரிகிற நேரத்தில். பிறகு பதிவு வைத்துக்கொள்ளும் சென்சார் ஒன்றை இலைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். விளக்கு அணைந்து 40 நிமிடத்தில் 96 காட்டியது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 26 டிகிரியில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்து வெப்பநிலை 19-க்கு இறங்குகிறது. காற்றில் ஒரு சொட்டு நீராவிகூடப் புதிதாகச் சேரவில்லை. இருந்தாலும் ஈரப்பதம் 99-ஐத் தொட்டுவிடும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது, அவ்வளவுதான். இலை காற்றைவிடச் சற்றுக் குளிர்ந்திருந்தால் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். போட்ரைடிஸுக்குத் தேவையானது இப்படிச் சில மணி நேரம் ஈரமாகவே இருக்கும் இலைதான்.

இன்னொரு கணக்கு. அறையின் உயரம் 2.5 மீட்டர் என்றால் கொள்ளளவு 22.5 கன மீட்டர். 26 டிகிரியில் அந்தக் காற்று முழுவதுமே தாங்கக்கூடிய நீர் அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும். 65 சதவீதத்திலிருந்து 100-க்குப் போக ஒரு டம்ளர் தண்ணீர் போதும். செடிகளோ வேர் வழியாக எடுக்கும் நீரில் மிகப் பெரும்பகுதியை, 97 சதவீதத்துக்கும் மேலே, இலை வழியாகக் காற்றில்தான் விடுகின்றன. ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஊற்றினால் அநேகமாக 4 லிட்டரும் அறைக் காற்றுக்கு வந்து சேரும். மீட்டரில் தெரியும் எண்ணை ஒரு இருப்பாகப் பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரின் மட்டம் அது. வெளியேறும் வழி அரை மணி நேரம் அடைபட்டாலும் மட்டம் ஏறிவிடும்.

அந்த வழி எப்போது அடைபடுகிறது? ஏசி உள்ள அறையில், விளக்கு அணைந்தவுடன். விளக்கு எரிகிறவரை ஏசி ஓயாமல் ஓடுகிறது, அதன் குளிர்ந்த சுருளில் நீர் கோத்துக் குழாய் வழியே வெளியே போகிறது. நாம் குளிரூட்டுவதாக நினைக்கும் எந்திரம் அறையை உலர்த்தும் வேலையையும் சேர்த்தே செய்துகொண்டிருக்கிறது. விளக்கு அணைந்ததும் அறை தானாகவே குளிர்கிறது, 'போதும்' என்று ஏசி நின்றுவிடுகிறது. உலர்த்தும் வேலையும் அதோடு நின்றுபோகிறது. அப்போது ஏசியின் உள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் சுருளில் மிச்சமிருந்த நீரும் மறுபடி அறைக்கே திரும்பும். விசிறியை ஆட்டோவில் போட்டு வையுங்கள்.

பெரிய ஏசி வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடிகிறது. எல்ஈடியும் இதற்கு விலக்கு இல்லை. 400 வாட் விளக்கு 400 வாட் ஹீட்டருக்குச் சமம். ஒரு டன் ஏசி 3,500 வாட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வல்லது. சுவர் வழியாக வரும் சூட்டைச் சேர்த்தாலும் அதற்கு இங்கே வேலை குறைவு. சில நிமிடம் ஓடும், அறை சில்லென்று ஆகும், நின்றுவிடும். சுருளில் நீர் கோக்கக்கூட நேரம் இருக்காது. குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும் அறை, இரண்டில் எது மோசம் என்று கேட்டால் சூடான அறையைவிடவும் மோசம்.

சரி, என்ன செய்வது? என் அறையில் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

கடைசித் தண்ணீர் விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். விளக்கைச் சட்டென்று அணைக்காமல் அரை மணி நேரத்தில் படிப்படியாகக் குறைக்கிறேன். டிம்மர் இல்லாவிட்டால் இரண்டு விளக்கை வேறுவேறு டைமரில் போட்டாலும் போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் விளக்கோடு நிற்காமல் அடுத்த ஒரு மணி நேரம் ஓடுகிறது. உள்ளே காற்றைக் கலக்கும் சிறு விசிறிகள் 24 மணி நேரமும் சுற்றுகின்றன. அவற்றை இரவில் நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இலையை ஒட்டி ஈரக் காற்று ஒரு போர்வை போலத் தங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது, இரவு வெப்பநிலையை அதிகம் இறங்க விடாமல் வைத்ததுதான். மேலே சொன்ன அதே காற்று 19-க்குப் பதில் 22 டிகிரியில் நின்றால் ஈரப்பதம் 99 இல்லை, 83. ஒரு துளி நீரையும் அகற்றாமல் கிடைத்த மாற்றம் இது. தெர்மோஸ்டாட் உள்ள சிறிய எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர் போதும். எரிவாயு ஹீட்டர் மட்டும் வேண்டாம். அது எரியும்போது நீராவியையும் விடும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் செய்த பிறகும் 80-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் டீஹியூமிடிஃபையர் வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அதுவும் ஒரு ஹீட்டர்தான். ஒரு லிட்டர் நீராவி நீராக மாறும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்படும். 300 வாட் இழுக்கும் கருவி மணிக்கு 400 மில்லி நீர் எடுத்தால் அறைக்குள் விழும் வெப்பம் 570 வாட்டுக்குப் பக்கம். உங்கள் விளக்கைவிட அதிகம்! விளக்கு எரியும் நேரத்தில் இது ஏசியோடு மல்லுக்கு நிற்கும். இரவிலோ இந்தச் சூடே நமக்கு உதவி. அதனால் என்னுடையது இரவில் மட்டும்தான் ஓடுகிறது, தனி ஹீட்டரை எடுத்துவிட்டேன். அளவைப் பொறுத்தவரை, பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. 20 டிகிரி அறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீரின் அளவைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து கணக்குப் போடுங்கள்.

விளக்கு எரியும்போது ஏறும் அந்த 30 டிகிரிக்கு, வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். 400 வாட்டுக்கு மணிக்கு 300 கன மீட்டர் காற்று உண்மையிலேயே நகர்ந்தால், அறை வெளிக்காற்றைவிட 4 டிகிரி அளவுதான் கூடுதலாக இருக்கும். காற்று கீழே நுழைந்து மேலே எதிர் மூலையில் வெளியேற வேண்டும். விளக்கின் டிரைவரை, அதாவது எல்ஈடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை, கழற்றி வெளியே வைக்க முடிந்தால் வையுங்கள், கொஞ்சம் சூடு அங்கேயே குறையும். வெளியே பகல் சூடு அதிகம் என்றால் விளக்கு நேரத்தையே இரவுக்கு மாற்றிவிடலாம். செடிக்கு நம் கடிகாரம் தெரியாது.

வெளிக்காற்றைப் பற்றிப் பலருக்கும் இருக்கும் ஒரு குழப்பம்: வெளியே மழை, ஈரப்பதம் 95, ஃபேன் போட்டால் அறை நனைந்துவிடுமே என்பார்கள். 15 டிகிரியில் 95 சதவீதமாக இருக்கும் காற்று, உள்ளே வந்து 26-க்குச் சூடானால் வெறும் 48 சதவீதம். ஆனால் 32 டிகிரியில் 60 சதவீதம் என்று காய்ந்தது போலத் தெரியும் காற்றை 26-க்குக் குளிர்வித்தால் 85 ஆகிவிடும். ஆகவே சதவீதத்தை ஒப்பிடாதீர்கள். உள்ளும் வெளியும் பனிநிலை, அதாவது காற்று குளிரும்போது நீர் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை, எத்தனை டிகிரி என்று பாருங்கள். வெளியே குறைவாக இருந்தால் ஃபேன் உலர்த்தும், அதிகமாக இருந்தால் ஈரத்தை உள்ளே இழுக்கும்.

இலக்கு எண் என்ன என்று கேட்பீர்கள். 60 சதவீதம் என்று தனியாகச் சொன்னால் அதற்குப் பொருள் இல்லை. 20 டிகிரியில் 60 சதவீதம் என்றால் காற்றின் தாகம் 0.94 கிலோபாஸ்கல், 30 டிகிரியில் அதே 60 என்றால் 1.7. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதைக் காட்டும் இந்தத் தாகத்தைத்தான் விபிடி என்கிறார்கள். நாற்றுக்கு 0.4 முதல் 0.8 வரை, வளரும் செடிக்கு 0.8 முதல் 1.2 வரை, காய்க்கும் தக்காளிக்கு 1.2 முதல் 1.5 வரை என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. எல்ஈடியின் கீழே இலை காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்திருக்கும் என்பதால், இலை உணரும் தாகம் கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். காற்று ரொம்பக் காய்ந்தால் இலைத்துளைகள் மூடி வளர்ச்சி நின்றுவிடும், செஞ்சிலந்தியும் வந்து சேரும்.

உங்கள் இரண்டு பயிருக்கும் விருப்பம் வேறு. லெட்டூஸ் 18 முதல் 22 டிகிரியை விரும்பும். தக்காளி 24 முதல் 27 வரை மகிழ்ச்சியாக இருக்கும், 32-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். லெட்டூஸைக் காற்று நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், தரையோரம் வையுங்கள். அதன் உள் இலைகளின் ஓரம் கருகினால் உரத்தைக் கூட்டாதீர்கள். நீரோடு சேர்ந்துதான் சுண்ணாம்புச் சத்து இலைக்குப் போகிறது, மூடிய நடு இலைகளில் நீர் ஓட்டமே இல்லாததால் வருவது அது. மேலிருந்து மெல்லிய காற்று படும்படி ஒரு விசிறியைத் திருப்பினால் சரியாகும்.

சென்சாரைச் சோதிக்க ஒரு வழி: சாதாரண உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் போல ஒரு மூடியில் வைத்து, சென்சாரோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். 25 டிகிரி வாக்கில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள். பிறகு அதை இலைகளின் உயரத்தில், விளக்கு நேரடியாகப் படாமல், காற்றோட்டம் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள்.

ஒரு வாரம் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகட்டும். அந்த வரைபடத்தைக் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள், விளக்கு அணையும் நேரத்தையும் தினமும் ஊற்றும் தண்ணீரின் அளவையும் குறிப்பிடுங்கள். எந்த அளவு கருவி வேண்டும், வேண்டுமா என்பதே கூட, அதைப் பார்த்துச் சொல்கிறேன்.