ஆடாத ஸ்டாண்டும் தொங்கப் பழகிய கையும்: புல்-அப் ஸ்டாண்டு கேள்வி பதில்

அம்பத்தூரில் இருபது வருடத்துக்கு மேல் வெல்டிங் பட்டறை நடத்தினேன். ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் ஒரு ஜிம்காரர் வந்து புல்-அப் பார், அதாவது தொங்கிக்கொண்டு தாடை மேலே வரும்வரை உடம்பை இழுக்கிற கம்பி, அடித்துத் தரச் சொன்னார். அதிலிருந்து அதுவே பாதி வேலையாகிவிட்டது. நானும் பதினாறு வயதிலிருந்து பார் எடுக்கிறவன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இங்கே பதில் சொல்கிறேன். டாக்டர் பார்க்க வேண்டிய விஷயத்தை டாக்டரிடமே விட்டுவிடுகிறேன்.

சார், வேளச்சேரியில் வாடகை வீடு. சுவரில் ஒரு ஆணி அடித்தாலே ஓனர் முகம் சுளிப்பார். கதவில் மாட்டும் பார் வாங்கலாமா, தரையில் நிற்கும் பவர் டவர் வாங்கலாமா?

கதவு பாரில் இரண்டு வகை உண்டு. இரண்டு பக்க நிலைக்கும் நடுவே முறுக்கி இறுக்குவது ஒன்று. நிலையின் மேல் விளிம்பில் கொக்கி மாதிரி தொற்றிக்கொள்வது இன்னொன்று. இந்தக் கொக்கி வகை நம் ஊருக்கு ஆகாது. வெளிநாட்டு வீடுகளில் கதவைச் சுற்றி ஒரு மரச்சட்டம் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும், கொக்கி அதன் மேல் போய் உட்காரும். நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் பூச்சோடு பூச்சாக முடிந்துவிடும். கொக்கி உட்கார இடமே இருக்காது.

முறுக்கும் வகை, நல்ல கெட்டி மர நிலையாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் அது உராய்வை மட்டுமே நம்பி நிற்கிற சாமான். ஒவ்வொரு தடவையும் தொங்குவதற்கு முன்னால் இறுக்கிப் பார்க்க வேண்டும். அதில் முழங்காலைத் தூக்கி ஆட்டுவதெல்லாம் வேண்டாம். வாடகை வீட்டுக்கு ஸ்டாண்டுதான் சரி. காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம், ஓனரோடு அட்வான்ஸ் தகராறும் வராது.

எங்களுடையது சொந்த ஃபிளாட், பள்ளிக்கரணை. சுவரிலேயே போல்ட் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன். தப்பா?

தப்பில்லை, எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி. என் கதையையே சொல்கிறேன். ஊருக்கெல்லாம் பார் அடித்துக் கொடுத்தவன், என் வீட்டில் அவசரப்பட்டு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவே இருந்த நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் மாட்டினேன். பத்து நாள் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் மேல் போல்ட் இரண்டும் செங்கல் துண்டோடு கழன்று வந்தன. நான் கீழே, பார் என் மேலே. இடது புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஃபேப்ரிகேட்டரும் நானே, கஸ்டமரும் நானே.

கணக்கைப் பாருங்கள். பார் சுவரிலிருந்து 60 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ ஆள் தொங்கினால் மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை சுமார் 150 கிலோ. அசையாமல் தொங்கும்போதே இவ்வளவு. எகிறிப் பிடித்தால் இன்னும் ஏறும்.

சுவர் எது என்று தெரிந்துகொள்ள, மறைவான இடத்தில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். வெள்ளையாக, டிரில் பிட் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல். புது அடுக்குமாடிகளில் இதுதான் அதிகம். எடை குறைவு, சூடு குறைவு, எல்லாம் சரி. ஆனால் சாதாரண ஆங்கர், அதாவது ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட், அதில் பிடிக்காது. சாம்பல் நிறத் தூள் வந்து, டிரில் திணறினால் கான்கிரீட். அங்கே 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர் ஃபாஸ்டனர் போட்டால் பயமே வேண்டாம். ஆகவே பீம் அல்லது தூண் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதில் மாட்டுங்கள். ஒன்பது இன்ச் செங்கல் சுவரும் தாங்கும், ஆனால் பூச்சைத் தாண்டி செங்கலின் நடுவே போல்ட் போக வேண்டும், இரண்டு கல்லுக்கு இடையிலான சாந்தில் இறங்கக் கூடாது.

10-க்கு 10 அறை. ஸ்டாண்டு ஏழடி உயரம். எங்கே வைப்பது?

முதலில் அண்ணாந்து பாருங்கள். ஃபேன் எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் கூரை பெரும்பாலும் பத்தடி, புது ஃபிளாட்டுகளில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஃபேன் ஒரு அடி இறங்கித் தொங்கினால் இறக்கை ஒன்பது அடிக்கும் கீழே. ஏழடி பாரில் தாடையை மேலே கொண்டுவந்தால் உச்சந்தலை எட்டடியை நெருங்கிவிடும். பாரை விட்டுவிட்டு ஒரு கை மேலே போனால் முடிந்தது கதை. வழக்கமான ஃபேனின் இறக்கை சுழலும் வட்டத்தின் குறுக்களவு 1200 மி.மீ., அதாவது நடுவிலிருந்து இரண்டு அடி. எனவே பாரின் எந்த முனையும் ஃபேனின் நடுவிலிருந்து நாலு அடியாவது தள்ளி இருக்கட்டும். சென்னை மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால்தான் இடத்தைச் சொல்கிறேன்.

அப்புறம் லாஃப்ட். பெட்ரூமில் ஏழடியில் பரண் இருக்கும் பக்கம் வைத்துவிட்டு, முதல் புல்-அப்பிலேயே தலையை இடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். வைக்கலாம். ஆனால் மழைத்தண்ணீர் ஓட தளத்தில் சரிவு கொடுத்திருப்பார்கள், அதனால் ஒரு கால் தரையைத் தொடாது. அந்தக் காலுக்கு அடியில் ரப்பர் ஷீட் வெட்டி வையுங்கள், மடித்த அட்டை வேண்டாம், ஒரு மழையில் கூழாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

அண்ணா, திருவொற்றியூர். ஆர்மி ராலிக்கு ரெடி ஆகிறேன். இப்போது 3 புல்-அப் வருகிறது, வீட்டில் ஸ்டாண்டு வாங்கினால் 10 வருமா?

தம்பி, ஸ்டாண்டு வாங்கினால் வராது, தினமும் அதில் தொங்கினால் வரும். ஆர்மிக்கு ஆள் எடுக்கும் ராலியில் இதுவரை இருந்த கணக்கு இது: 10 எடுத்தால் 40 மதிப்பெண், 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. ஆறுக்குக் கீழே போனால் தேறவில்லை. உனக்கான அறிவிப்பு வந்ததும் அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் கை முழுசாக நீண்டு, தாடை பாருக்கு மேலே வர வேண்டும். காலை உதைத்து ஆடி எடுத்தால் எண்ண மாட்டார்கள். பார்க்கில் 12 எடுக்கிற பசங்க அங்கே 6-ல் நிற்பது இதனால்தான்.

மூன்று வருகிறவன் ஒரே மூச்சில் நாலு, ஐந்து என்று முட்டி மோதாதே. வீட்டில் பார் இருப்பதன் லாபமே வேறு. காலையில் பல் தேய்த்ததும் 2, குளிக்கும் முன் 2, சாப்பாட்டுக்கு முன் 2, இப்படி ஒரு நாளில் ஆறு ஏழு தடவை. எந்தத் தடவையும் கை நடுங்கும் வரை போகக் கூடாது. அதோடு வாரத்தில் மூன்று நாள் இறங்கு பயிற்சி செய்: ஸ்டூலில் ஏறி, தாடை பாருக்கு மேலே இருக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணி முடிக்கும் வரை மெதுவாக இறங்கு. ஐந்து தடவை போதும். ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் தசை அதிக எடையைத் தாங்கும், அதனால் ஏறத் தெம்பில்லாதவனும் இறங்கிப் பழகலாம்.

உள்ளங்கை நம்மைப் பார்த்தபடி பிடித்தால் பைசெப்ஸ் கூடுதலாக உதவும், சுலபமாக இருக்கும். அதை வீட்டில் செய். பரீட்சைக்கு உள்ளங்கை வெளியே பார்க்கும் பிடியைப் பழகு. மூன்று மாதம் கழித்து எத்தனை வந்தது என்று சொல்.

எட்டாவது படிக்கும் பையன் குள்ளமாக இருக்கிறான். தினமும் தொங்கவிட்டால் உயரம் கூடுமா அண்ணா? (கொரட்டூர்)

உயரம் கூடாதும்மா. பகல் முழுவதும் நிற்பதிலும் உட்காருவதிலும் முதுகெலும்பு வட்டுகள் கொஞ்சம் அமுங்குகின்றன. அதனால் எல்லோருமே காலையில் இருப்பதைவிட இரவில் ஒரு சென்டிமீட்டர் போல் குறைந்துதான் இருப்போம். தொங்கினால் அந்த அமுக்கம் கொஞ்ச நேரம் விடுபடும், அவ்வளவுதான். உயரம் பரம்பரை, சாப்பாடு, தூக்கம் சார்ந்தது. வகுப்புப் பிள்ளைகளைவிட ரொம்பவே பின்தங்கியிருப்பதாகத் தோன்றினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காகத் தொங்க விடாமல் இருக்க வேண்டாம், தோளும் பிடியும் பலப்படும். முட்டை கொடுங்கள்.

41 வயது, இரண்டு குழந்தைகள். ஒரு புல்-அப்கூட வரவில்லை. பெண்களுக்கு இது சாத்தியமா, சும்மா காசு வீணா?

சாத்தியம்தான் மேடம், நாளாகும். முதல் மாதம் புல்-அப் என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள். தொங்குங்கள், போதும். பத்து விநாடியில் ஆரம்பித்து முப்பது விநாடிக்கு வாருங்கள். அடுத்து, கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் காதிலிருந்து கீழே இழுத்து விடுங்கள். உடம்பு இரண்டு இன்ச்தான் ஏறும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். முதுகுத் தசைக்கு ஆரம்பப் பாடம் அதுதான். அது பழகியபின் ரப்பர் பேண்டை பாரில் மாட்டி முழங்காலை அதில் வைத்து ஏறலாம். இன்னொன்று, பார் கையிலிருந்து வழுக்குகிறது என்றால் பலம் இல்லை என்று நினைக்காதீர்கள், பாதி நேரம் அது சென்னை வியர்வை. மெக்னீசியம் கார்பனேட் சாக் கட்டி ஒன்று பெரியமேடு விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டால்கம் பவுடர் போடாதீர்கள், இன்னும் வழுக்கும்.

ரிட்டயர் ஆனவன், 61 வயது, சுகர் உண்டு. தோள் இறுகிக் கிடக்கிறது, தொங்கினால் சரியாகும் என்று நண்பர் சொன்னார்.

ஐயா, தொங்காதீர்கள். சுகர் இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போவது, அதாவது ஃப்ரோசன் ஷோல்டர், மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அப்படி இறுகிய தோளில் முழு உடம்பு எடையையும் ஏற்றுவது சரியில்லை. முதலில் எலும்பு டாக்டர், அப்புறம் பிசியோ. அவர்கள் சரி என்ற பிறகு வாருங்கள், காலைத் தரையில் ஊன்றியபடி பாதி எடையோடு தொங்குவது எப்படி என்று சொல்லித் தருகிறேன். பி.பி.யும் இருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்யாதீர்கள்.

பெசன்ட் நகர், கடலிலிருந்து மூன்றாவது தெரு. ஒரே வருடத்தில் ஸ்டாண்டு துருப்பிடித்துவிட்டது.

உப்புக் காற்றில் இது எதிர்பார்த்ததுதான். ஆனால் நீங்கள் பார்க்கும் துருவைவிட மோசமானது பார்க்காத இடத்தில் இருக்கும். கைப்பிடியில் கறுப்பு ஸ்பாஞ்ச் உறை இருக்கிறதல்லவா, அதை பிளேடால் கிழித்துப் பாருங்கள். ஒருவர் கொண்டுவந்த ஸ்டாண்டில் நான் கிழித்தபோது உள்ளே சுக்குத்தூள் மாதிரி பழுப்பாகக் கொட்டியது, குழாய் சொறிசொறியாக இருந்தது. வியர்வையை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் வேலையைத்தான் அந்த ஸ்பாஞ்ச் செய்கிறது. உறையை வீசுங்கள். எமரி தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் பெயிண்ட். பிடிக்கும் இடத்தில் கிரிக்கெட் பேட்டுக்கு விற்கும் கிரிப் போடலாம், கழற்றி மாற்ற வசதி. நட்டு போல்ட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள்.

கடையில் வாங்குவதா, பட்டறையில் அடிப்பதா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கடையில் என்றால் முதலில் நிமிர்ந்து நிற்கும் குழாயைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்குங்கள். விற்பவர் முறைப்பார், பரவாயில்லை. உலுக்கும்போதே ஆடினால் தொங்கும்போது கேட்கவே வேண்டாம். ஆட்டம் வருவது கீழ்ச்சட்டம் குட்டையாக இருப்பதால், அல்லது குழாய் மெலிதாக இருப்பதால். 150 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அது அசையாமல் தொங்கும் எடைக்கான எண். குழாய் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 16 என்றால் 1.6, 14 என்றால் 2 மி.மீ. கேஜ் எண் குறையக் குறைய கனம் கூடும், இதில் ஏமாறுபவர்கள் அதிகம். நான் அடித்தால் 50-க்கு 50 மி.மீ. சதுரக் குழாய், 14 கேஜ்.

பட்டறையில் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் பேசுவார்கள். பிடிக்கிற பாருக்கு ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சொல்லும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். "ஒரு இன்ச்" குழாய் என்பது உள் அளவை ஒட்டிய பெயர், வெளிக் குறுக்களவு கிட்டத்தட்ட 34 மி.மீ. வரும். சின்னக் கைக்கு அது தடிமன். முக்கால் இன்ச் குழாய் வெளியே 27 மி.மீ., விரல் சுற்றிப் பிடிக்க நன்றாக இருக்கும். ஆனால் நீளம் அதிகமானால் வளையும், ஆகவே கனம் கூடிய ஹெவி கிளாஸ் குழாய் கேளுங்கள்.

டிப்ஸ் கையும் முதுகு சாய்க்கும் பலகையும் தேவையா?

டிப்ஸ் கை, அதாவது இரண்டு கையையும் ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் கைப்பிடி, தேவை. நெஞ்சுக்கும் கையின் பின்பக்கத்துக்கும் நல்லது. பலகையில் சாய்ந்து முழங்கால் தூக்கும்போது கால் மட்டும் ஏறினால் வேலை தொடை மடக்கும் தசைக்குத்தான் போகிறது. இடுப்பையும் சுருட்டி மேலே கொண்டுவந்தால்தான் வயிற்றுக்கு வரும்.

சார், வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் அதில் துணிதான் காய்கிறது.

ஈரத்துணி மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், துருப்பிடிக்கும். காய்ந்த துணி போடலாம். எங்கள் வீட்டு ஸ்டாண்டில் வலது பக்க டிப்ஸ் கையில் குடையும் மார்க்கெட் பையும் தொங்குகின்றன. காலையில் நான் எடுத்து ஓரம் வைக்கிறேன், சாயங்காலம் அவை திரும்ப அங்கேயே வந்துவிடுகின்றன.