ஊரில் புதிதாகத் தொடங்கிய ஹாஸ்பிஸ் இல்லத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய வீட்டில் ஆறு கட்டில் போட்டு, குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இல்லம் ஆரம்பித்திருக்கிறார்கள், பகலில் ஒரு தாதி இருக்கிறார், இரவில் பராமரிப்பாளர்கள் மட்டும்தான், டாக்டர் வாரத்தில் சில நாள் வந்து பார்க்கிறார். இவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தால் போதுமா?

வகுப்பு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு பயிற்சி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், அரசாங்க மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்து லயங்களுக்கும் டவுனைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்கும் போய் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, ராத்திரி மூன்று மணிக்குக் கட்டில் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரிடமிருந்துதான் பயிற்சி தொடங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. டாக்டர் கருத்தரங்குக்குப் போவார், தாதி சான்றிதழ் வாங்குவார், பராமரிப்பாளருக்கு மட்டும் புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்து வேலையில் விட்டுவிடுவார்கள். நோயாளி பயத்தை வாய்விட்டுச் சொல்வது இவரிடம்தான், மகள் மூலையில் இழுத்துப் போய் "உண்மையைச் சொல்லு தங்கச்சி, அம்மா பிழைப்பாங்களா?" என்று கேட்பதும் இவரிடம்தான்.

வலியிலிருந்து ஆரம்பியுங்கள். நம் பக்கம் ரப்பர் பால் மரம் வெட்டிய தலைமுறை வலியை லேசில் வெளியே சொல்லாது. "எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டால் "பரவாயில்லம்மா" என்றுதான் பதில் வரும், பராமரிப்பாளரும் வலி இல்லை என்று புத்தகத்தில் எழுதிவிடுவார். அதற்குப் பதிலாக ராத்திரி தூங்கினீங்களா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலை, சாப்பிட உட்கார முடியுதா, எரியுதா இல்லை குத்துதா, கரண்ட் அடிச்ச மாதிரி காலுக்கு ஓடுதா என்று கேட்கப் பழக்குங்கள். எரிச்சலும் கரண்ட் அடிப்பதும் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு, கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்தான மோர்ஃபினோடு வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும், ஆகவே பராமரிப்பாளர் எழுதி வைக்கும் ஒரு வரியே மறுநாள் டாக்டருக்குப் பெரிய உதவி. பேச முடியாதவர்களிடம் முகத்தைப் பார்க்க வேண்டும்: நெற்றி சுருங்குகிறதா, புரட்டும்போது முனகுகிறாரா, கை இறுகுகிறதா, மூச்சு வேகமாகிறதா, தடவிக் கொடுத்தால் அடங்குகிறாரா. மறதி நோய் உள்ளவர்களுக்கு இதையே புள்ளி போட்டுக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன, தாதி கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குக் காட்டலாம்.

அடுத்தது மோர்ஃபின். இதைப் பற்றிய பயம் குடும்பத்தாரிடம் மட்டும் இல்லை, வேலை செய்பவர்களிடமும் இருக்கிறது, அதைப் பேசித் தீர்க்காவிட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து அலமாரியிலேயே இருக்கும், ஆள் வலியில் துடித்துக்கொண்டிருப்பார். முதல் வாரத்திலேயே எல்லாரையும் உட்கார வைத்து "மோர்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்களா?" என்பதை வெளிப்படையாகப் பேசுங்கள். வலிக்குச் சரியான அளவில், குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது ஆளைக் கொல்வதில்லை. மோர்ஃபின் சிரப்பை வழக்கமாக நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்கக் கூடாது. இடையில் வலி முட்டிக்கொண்டு வந்தால் கொடுக்கக் கூடுதல் அளவு ஒன்றையும் டாக்டர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது, மோர்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மூன்று நாளாக மலம் போகாத ஒருவர் நிம்மதியில்லாமல் புரண்டுகொண்டிருப்பதைப் பார்த்து, நோய் முற்றிவிட்டது என்று குடும்பமே அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மோர்ஃபின் உடம்பில் தங்கிவிடும், நம் ஆட்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய, ஆகவே கூப்பிட்டால் எழுப்ப முடியாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, உடம்பு திடீர் திடீரென்று உதறுவது இவற்றைக் கண்டால் அடுத்த அளவைக் கொடுக்காமல் உடனே போன் போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மோர்ஃபின் நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. எங்கே பூட்டி வைப்பது, யார் எடுப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்பதையெல்லாம் டாக்டரும் மருந்தாளரும் முதல் நோயாளி வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ராத்திரியில் ஒரு பராமரிப்பாளர் தானாக முடிவெடுக்கும் நிலையில் அவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

சரி, இப்போது கடைசி நாட்கள். இங்கேதான் பயிற்சி இல்லாதவர்கள் பதறிப்போய் ஆம்புலன்சைக் கூப்பிடுவார்கள், வீட்டில் அமைதியாகப் போக நினைத்தவர் மருத்துவமனை வாசலில் போவார். உணவும் தண்ணீரும் குறையும், தூக்கம் கூடும், கை கால் குளிர்ந்து தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சு கொஞ்ச நேரம் ஆழமாக வந்து அப்புறம் நின்று மறுபடி வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் அதிகம் வதைக்கும், படுத்திருப்பவர் அநேகமாக அதை உணரும் நிலையில் இருக்க மாட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றே உயர்த்தினால் ஓரளவு குறையலாம், டாக்டர் சொன்னால் சளியைக் குறைக்கும் ஊசி போடலாம், குழாயைத் தொண்டைக்குள் விட்டு உறிஞ்சுவதால் பெரும்பாலும் வேதனைதான் மிச்சம். இதையெல்லாம் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற பழக்கம் வேண்டும். நடந்த பிறகு விளக்கம் சொன்னால் சாக்குச் சொல்வது போலத்தான் கேட்கும்.

நம் வீடுகளில் பால் ஊற்றுவது ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவார்கள், நினைவில்லாதவர் விழுங்க முடியாமல் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சில தாதிகள் "பால் கொடுக்கக் கூடாது" என்று ஒரேயடியாகத் தடுத்துவிடுகிறார்கள். தடுக்கப்பட்ட மகன் அதை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். எங்களோடு இருக்கிற ஒரு பராமரிப்பாளர், வயது சின்னதுதான், லயத்து வீடு ஒன்றில் அதைக் கையாண்ட விதத்தைச் சொல்கிறேன். மூத்த மகன் டம்ளரோடு வந்து நின்றார். "அண்ணே, ஊத்துங்க, நான் பக்கத்துல இருக்கேன். ஆனா அப்பாவால முழுங்க முடியலை, இருமல் வந்தா கஷ்டப்படுவாங்க. இந்தப் பஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு உதட்டுல வைங்க, நாக்கு நுனியில தொடுங்க, போதும்" என்று சொல்லி, தானே ஒரு பஞ்சை நனைத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்தது. அவர் வைத்தார், பிறகு தங்கை வைத்தார், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வைத்தார்கள். சடங்கும் நடந்தது, பெரியவரும் சிரமப்படவில்லை. வாய் சுத்தமும் அதே கையோடு கற்றுக் கொடுக்க வேண்டிய விஷயம், ஈரப் பஞ்சால் அடிக்கடி துடைத்து உதட்டுக்கு எண்ணெயோ வாஸ்லினோ தடவினாலே வறட்சியின் வேதனை பெரும்பாலும் போய்விடும்.

சாப்பாடு விஷயம் இதைவிடக் கடினம். "பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்கன்னு ஊர் பேசுமே, ஒரு பாட்டில் தண்ணியாவது ஏத்துங்க மிஸ்ஸி" என்பார்கள். உடம்பு அடங்கிக்கொண்டிருக்கும்போது ஏற்றுகிற தண்ணீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கி மூச்சுத் திணறலைக் கூட்டக்கூடும், பசி இல்லாததால்தான் அவர் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் அவர் போகவில்லை. இதை நிதானமாக, குற்றம் சாட்டாமல் சொல்ல வார்த்தை வேண்டும், அந்த வார்த்தை வகுப்பில் சிலைடு பார்த்து வராது. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து ஒருவர் மகளாக அழ, மற்றவர் பதில் சொல்லிப் பழகட்டும். முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு அவர்களே "எங்க அம்மா போனப்ப நானும் இதைத்தான் கேட்டேன்" என்று பேச ஆரம்பிப்பார்கள்.

அதே முறையில் "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பதையும் பழகுங்கள். குடும்பம் மறைக்கச் சொல்கிறது, அப்பாவோ தனியாக இருக்கும்போது "எனக்கு என்ன நோய் தம்பி?" என்று கேட்கிறார். பராமரிப்பாளர் பொய்யும் சொல்லக் கூடாது, போட்டு உடைக்கவும் கூடாது. "உங்களுக்கு என்ன தோணுது தாத்தா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுசாகக் கேட்டு, "டாக்டர்கிட்ட பேசச் சொல்றேன், நீங்க கேட்டதை நான் மறக்க மாட்டேன்" என்று சொல்லி, அதை நிஜமாகவே டாக்டரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே முதலில் கேட்பதுதான் முறை. கேட்டுப் பார்த்தால் பலருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்காக அவர்தான் மறைத்துக்கொண்டிருப்பார்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் தாதியாக இருந்து, மருத்துவ சமூக சேவகராக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி என்பது உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்தது என்று அவர் சொன்னதற்கு எங்கள் தோட்டத்து உதாரணம் நிறைய. மருந்து எவ்வளவு கூட்டியும் ஒரு பாட்டிக்கு இரவில் வலி குறையவே இல்லை. உட்கார்ந்து பேசிய பராமரிப்பாளரிடம்தான் வந்தது விஷயம்: சேமநிதிப் பணத்துக்கு யாரை வாரிசாகப் போட்டிருக்கிறோம் என்று பாட்டிக்கே ஞாபகம் இல்லை, வளர்த்த பேத்திக்கு எதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். தெரிந்த ஒருவரை வைத்து விசாரித்துச் சரி செய்த பிறகு அவர் தூங்கினார். இப்படிப்பட்டதைக் கேட்டால் யாரிடம் சொல்வது என்று உங்கள் ஆட்களுக்குத் தெரிய வேண்டும், சொன்னால் யாராவது எழுந்து போய்ச் செய்யவும் வேண்டும்.

இவ்வளவும் தாங்குகிறவர்களை யார் தாங்குவது? கமிட்டிக்காரர்கள் பொதுவாக மறந்துவிடும் இடம் இது. ஒருவர் இறந்த அரை மணி நேரத்தில் அந்தக் கட்டிலைத் துடைத்து அடுத்தவரைப் படுக்க வைக்கச் சொல்லும் இடத்தில் நல்ல ஆட்கள் நிலைக்க மாட்டார்கள், நிலைப்பவர்களும் மனசை மூடிக்கொள்வார்கள். உடலைக் குளிப்பாட்டும் வேலையைத் தனியாக யாருக்கும் கொடுக்காதீர்கள், அதுவும் முதல் சாவைப் பார்க்கிறவருக்கு. அன்றோ மறுநாளோ எல்லாரும், சமைக்கிற அக்காவும் வேன் ஓட்டுகிறவரும் உட்பட, டீ வைத்துக்கொண்டு உட்கார்ந்து என்ன நன்றாக நடந்தது, எது உறுத்துகிறது என்று பேச நேரம் ஒதுக்குங்கள். யார் தவறு என்று கண்டுபிடிக்கும் கூட்டமாக அது மாறிவிடக் கூடாது. இறுதிச் சடங்குக்குப் போக நினைப்பவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். சொந்த வீட்டில் சமீபத்தில் சாவு நடந்த ஒருவரைக் கடைசிக் கட்ட நோயாளியிடம் உடனே போடாதீர்கள். இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர்கள் வேலையில் இருந்தால் அவர்களுக்கும் இதே மரியாதை, அவர்களுக்குப் புரிகிற மொழியில்.

கற்றுக்கொடுக்கும் விதம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு வேலையைப் பாருங்கள், அங்கே அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களைப் பழக்கித்தான் அது கேரளா முழுக்கப் பரவியது. டாக்டர்களை மட்டும் நம்பியிருந்தால் நடந்திருக்காது. நம் நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா 1991இலிருந்து வீடுகளுக்குப் போய் இலவசமாகப் பார்க்கிறது, பயிற்சியும் நடத்துகிறது. ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது, பாலியேட்டிவ் என்றால் நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு. சுகாதார அமைச்சின் தேசிய பாலியேட்டிவ் கொள்கை 2019 முதல் 2030 வரைக்கும் போடப்பட்டது, நிதி கேட்டோ அனுமதி கேட்டோ போகும்போது அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாதியையும் இரண்டு பராமரிப்பாளர்களையும் இப்படி ஓர் இடத்துக்கு அனுப்பி, வீடு வீடாகப் போகிறவர்களோடு கூடவே போகவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். திரும்பி வந்ததும் புதியவர் ஒவ்வொருவரையும் அவர்களில் ஒருவரோடு இரவுப் பணியில் ஜோடியாகப் போடுங்கள், தனியாக விடும் நாளை அந்தப் பழையவரே சொல்லட்டும்.

வகுப்புத் தேதி குறிப்பதற்கு முன்னால் இரவில் எந்த நேரமும் போனை எடுக்கப்போகிறவர் யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று முடிவு செய்து, அந்த இரண்டு எண்களையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் பேராக் பக்கம் என்றால் இங்கேயே எழுதுங்கள், உங்கள் ஆட்களோடு சில இரவுகள் வந்து இருக்க எனக்குச் சம்மதம், சாப்பாடும் படுக்க ஒரு பாயும் போதும்.