போர்ஷன் முடிச்சதுக்கு ரெஜிஸ்டர் இருக்கு, புரிஞ்சதுக்கு?

வணக்கம். நான் ஏழாவதுக்கு கணக்கு எடுக்குறேன். எங்க ஸ்கூல்ல மீட்டிங் போட்டு, இனிமே நீங்க என்ன நடத்தினீங்கன்னு கேக்க மாட்டோம், பசங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னுதான் கேப்போம்னு சொல்லிட்டாங்க. நான் ஒழுங்கா நடத்துறேன், போர்ஷனை டைமுக்கு முடிக்கிறேன், டவுட் கேட்டா எத்தனை தடவைன்னாலும் சொல்லித் தரேன். அதுக்கு மேலயும் ஒருத்தன் படிக்கலைன்னா அது என் பொறுப்பா? நாற்பது பேரையும் தனித்தனியா பாத்துக்கிட்டிருந்தா சிலபஸ் எப்ப முடியும்?
ஒரு கணக்கு டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்க கோபம் நியாயமானதுதான். கத்துக்கிறது பிள்ளைங்க மனசுக்குள்ள நடக்குற வேலை, அதை அவங்களுக்காக வேற யாரும் செஞ்சிட முடியாது, அதனால கடைசியில வர்ற மார்க்கை மட்டும் வச்சு ஒரு டீச்சரைக் கூண்டுல ஏத்தினா அது தப்பு. ஆனா புரிஞ்சுதா இல்லையான்னு அப்பப்ப தெரிஞ்சுக்கிறதும், புரியலைன்னா சும்மா விடாம அடுத்து ஏதாவது செய்யறதும் ஸ்கூலோட வேலைதானே? அதுல உங்களுக்கும் பங்கு இருக்கு.

டவுட் கேட்டா சொல்லித் தரேன்னு எழுதியிருக்கீங்க. சிக்கலே அங்கதான் இருக்கு. தப்பா புரிஞ்சுக்கிட்ட பையனுக்கு டவுட்டே வராது, ஏன்னா அவனுக்கு அது சரியாத்தான் தெரியுது. உங்க பாடத்துலயே பாப்போம். டெசிமல் நடத்தி முடிச்சதும் 0.6, 0.45 ரெண்டுல எது பெரிசுன்னு கேட்டு எல்லாரையும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. 0.45ன்னு எழுதுறவங்க 45, 6ஐ விட பெரிசுன்னு பாக்குறாங்க, இது எல்லா கணக்கு டீச்சருக்கும் தெரிஞ்ச தப்புதான். ஆனா 0.6ன்னு சரியா எழுதினவங்க எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுன்னு சொல்ல முடியாது, பத்துல ஒண்ணு நூறுல ஒண்ணை விட பெரிசு, அதனால புள்ளிக்கு அப்புறம் ஒரே இலக்கம் இருந்தா அதுதான் பெரிசுன்னு நினைக்கிற பிள்ளைங்களும் உண்டு, அவங்க தப்பான காரணத்தால சரியான விடைக்கு வந்துடுவாங்க. அடுத்ததா 0.3, 0.85 கேளுங்க, முதல் கேள்வியில தப்பு பண்ணவங்க இதுல சரியா போடுவாங்க, இந்த ரெண்டாவது கூட்டம் மாட்டிக்கும். ரெண்டு கூட்டத்துக்கும் சொல்லித்தர வேண்டியது வேற வேற. பாடம் முழுசையும் திரும்ப நடத்தினா ரெண்டு பேருக்குமே பிரயோஜனம் இல்ல. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டு கிளாஸே கோரஸா "புரிஞ்சுது மிஸ்"னு சொன்னா இதுல எதுவுமே வெளிய வராது.

இனி டைம் விஷயம். ஜான் கரோல்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 1963லயே சொன்னது, ஒரு பிள்ளையோட திறமைங்கிறதை அதுக்குக் கத்துக்க எவ்வளவு நேரம் வேணும்ங்கிற கணக்கா பாக்கலாம்னு. நம்ம டைம்டேபிள் எல்லாருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்துட்டு, அதுக்குள்ள முடியாத பிள்ளைக்கு ஸ்லோன்னு பேர் வச்சிடுது. பெஞ்சமின் புளூம்ங்கிற கல்வி உளவியலாளர் 1968ல இதையே வகுப்பறைக்குக் கொண்டு வந்தார்: ஒரு யூனிட் முடிஞ்சதும் சின்ன டெஸ்ட், மார்க்குக்காக இல்ல, எங்க நிக்கிறாங்கன்னு பாக்க, புரியாதவங்களுக்கு வேற வழியில திரும்ப ஒரு தடவை, அப்புறம் அதே மாதிரி இன்னொரு டெஸ்ட், புரிஞ்சவங்களுக்கு அந்த நேரத்துல ஆழமான வேலை. முதல் ரெண்டு மூணு யூனிட்ல நேரம் கூடத்தான் போகும், மறைக்கல. ஆனா டெசிமல் தெரியாதவனுக்கு சதவீதம் நடத்துறப்ப போற நேரத்தையும் சேத்துத்தானே கணக்கு பாக்கணும்?

டெஸ்ட் வச்சா பாடம் நடத்துற நேரம் போயிடுதுன்னும் நினைக்க வேணாம். ரோடிகர், கார்பிக்ங்கிற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு ஞாபகம் வச்சிருந்தது படிச்சிட்டு தானா நினைவுபடுத்தி எழுதிப் பாத்தவங்கதான். நோட்டை மூடிட்டு எழுத வைக்கிற அந்த பத்து நிமிஷமும் கத்துக்கிற நேரம்தான்.

இதையெல்லாம் உங்க தலையில மட்டும் கட்டினா நடக்காது, இதை உங்க மேனேஜ்மெண்ட் காதுல விழற மாதிரியே சொல்றேன். புரியாத பிள்ளைங்களுக்கு நடத்துற அந்த ரெண்டாவது தடவை ஸ்கூல் நேரத்துக்குள்ள, டைம்டேபிள்ல ஒரு பீரியடா இருக்கணும். சாயந்திரம் ஸ்கூல் விட்டப்புறம் நில்லுன்னா நிக்க முடியாத பிள்ளைக்குத்தான் பல சமயம் அது ரொம்பத் தேவைப்படும். போர்ஷன் எங்க நிக்குதுன்னு கேக்குறதை நிறுத்தாம, கூடவே கத்துக்கிட்டாங்களான்னும் கேட்டா டீச்சருக்கு வேலை டபுள் ஆகுமே தவிர எதுவும் மாறாது.

அவங்க அந்த பீரியடைக் குடுக்குற வரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னொரு செக்‌ஷனுக்கு ஏழாவது கணக்கு எடுக்குறவங்களோட உக்காந்து அடுத்த யூனிட்டுக்கு அஞ்சே அஞ்சு கேள்வி சேர்ந்து எழுதுங்க, நடத்துறதுக்கு முன்னாடியே எழுதுங்க. ரெண்டு செக்‌ஷன்லயும் ஒரே நாள்ல குடுத்துட்டு பேப்பரை எதிரெதிரா வச்சுப் பாருங்க. மூணாவது கேள்விக்கு அவங்க கிளாஸ் சரியா எழுதி உங்க கிளாஸ் எழுதலைன்னா, அதை எப்படி நடத்தினாங்கன்னு கேளுங்க.