பல வருடம் கழித்து மறுபடியும் பைக்: வாசகர் கேள்வி – பதில்

விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பைக்கைத் தொடுகிறவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: வயது 51. 2006 வரை ஸ்ப்ளெண்டர் ஓட்டினேன். அதன்பிறகு கார்தான். இப்போது புதிதாக 125 சிசி பைக் வாங்கப் போகிறேன். பழையபடி ஓட்ட வருமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பேலன்ஸ் அரை மணி நேரத்தில் வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் பலரும் முதல் நாளே பஜாருக்குள் வண்டியை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வர நாளாவது பிரேக். இத்தனை வருடமாகக் காரை நிறுத்தியது உங்கள் வலது கால் மட்டும்தான். பைக்கில் அந்தக் கால் முக்கியமாகப் பிடிப்பது பின் சக்கரத்தை. குறுக்கே ஆள் வந்தால் யோசிக்கும் முன்பே கால் மிதித்துவிடும், கை சும்மா இருக்கும். பிரேக் பிடித்ததும் பாரம் முன்பக்கம் போவதால் பின் சக்கரம் லேசாகி, லாக் ஆகி, வழுக்கும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விழுவது முன் பிரேக்கால் அல்ல, அதை வெடுக்கென்று பிடிப்பதாலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ பிடிப்பதாலும்தான். ஹேண்டில் நேராக இருக்க, முதலில் லேசாக, பாரம் முன்னால் இறங்கியதும் அழுத்தமாக என்று பிடித்தால் வண்டி நேராக நிற்கும்.

காலை ஆறு மணிக்கு ஆளில்லாத கெட்டித் தரையுள்ள மைதானம் பாருங்கள். புழுதித் தரை வேண்டாம். முதலில் என்ஜினை ஆஃப் செய்துவிட்டு வண்டியைத் தள்ளி நடங்கள், சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள். வண்டியின் கனம் கைக்குப் பிடிபடும். அடுத்து முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி பிடியுங்கள். இருபது முறையாவது செய்யுங்கள். பிறகு நடக்கிற வேகத்தில் ஹாஃப் கிளட்ச், லேசாகப் பின் பிரேக், இரண்டையும் வைத்து எட்டுப் போடுங்கள். கண் தரையைப் பார்த்தால் கால் ஊன்றுவீர்கள். போக வேண்டிய பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் வண்டி தானாக அங்கே வரும்.

கடைசியாக பிரேக். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிடியுங்கள். முதலில் கால் பிரேக் மட்டும், அடுத்து இரண்டும் சேர்த்து. நின்ற இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் கை மறக்காது. இன்னொரு கார் பழக்கமும் உண்டு: பிரேக்கோடு சேர்த்துக் கிளட்சையும் பிடித்துவிடுவது. என்ஜின் இழுத்துப் பிடிக்கும் பலன் அதில் போய்விடும். வண்டி நிற்கும் தறுவாயில் கிளட்ச் பிடித்தால் போதும்.

ஒரு கணக்கு: பார்த்துப் புரிந்து பிரேக் தொட ஒரு நொடி, காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சுமாரான அழுத்தத்தில் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறக்குறைய 22 மீட்டர் வேண்டும், 60-ல் 40 மீட்டர். தொடக்கத்தில் 40-ஐத் தாண்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மைதானத்துக்குப் பிறகு ஞாயிறு காலைத் தெருக்கள், அப்புறம் வேலை நாள் நெரிசல், அதன்பின் இரவு. நான்கு வழிச்சாலை கடைசி. திருப்பங்களில் ஓரமாகச் சேர்ந்திருக்கும் மணல், பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, ரோட்டில் காயப்போட்ட தானியம் எல்லாம் காருக்கு ஒன்றும் இல்லை, பைக்குக்கு எமன். இண்டிகேட்டரும் காரைப் போலத் தானாக அணையாது. திரும்பி முடித்ததும் கட்டைவிரலால் அணைக்க வேண்டும்.

கேள்வி: 1990-களில் பழைய புல்லட் ஓட்டினேன். இப்போது கிளாசிக் 350 வாங்கலாம் என்று இருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், திருச்சி

பதில்: கால். அன்றைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய கிளாசிக்கில் கியர் இடது பக்கம், முதல் கியர் கீழே, மற்ற நான்கும் மேலே. பக்கமும் திசையும் இரண்டுமே தலைகீழ். சாதாரணமாகப் போகும்போது இது தெரியாது. நாய் குறுக்கே ஓடும்போது இடது கால் 'பிரேக்'கை மிதிக்கும். அது கியர் லீவர். ஒரு கியர் கீழே விழுந்து பின் சக்கரம் இழுபடும், வண்டி நிற்காது.

வண்டி வந்ததும் சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை ஆஃப் செய்து உட்காருங்கள். 'பிரேக்' என்று வாய்விட்டுச் சொல்லி வலது காலும் வலது கையும் ஒன்றாக இயங்கும்படி தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். வீட்டில் அந்தப் பழைய புல்லட் இன்னும் இருந்தால் முதல் மூன்று மாதம் அதைத் தொடவே வேண்டாம். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் கால் எதையும் கற்றுக்கொள்ளாது.

கிளாசிக்கின் எடை 195 கிலோ. இந்த எடை ஓடும்போது தொந்தரவு தராது, நிற்கும்போதுதான் சாய்க்கும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்து நிற்காதீர்கள். இறக்கத்தில் மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்தினால் பின்னால் தள்ளி எடுக்க முடியாது. விழுந்த வண்டியைத் தூக்கும்போது குனிந்து இழுத்தால் இடுப்பு போகும். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டு, சீட்டில் முதுகைக் கொடுத்து, கால் பலத்தால் பின்பக்கமாக நடந்து நிமிர்த்துங்கள்.

கேள்வி: கல்லூரி நாட்களில் அண்ணனின் பைக்கை ஓட்டியிருக்கிறேன். இருபது வருடமாக கியர் இல்லாத ஸ்கூட்டர். உயரம் 157 செ.மீ. மறுபடி பைக் ஓட்ட முடியுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக. உங்களுக்குக் கவனம் வேண்டியது இடது கையில். ஸ்கூட்டரில் இடது லீவர் பிரேக், பைக்கில் அதுவே கிளட்ச். பதற்றத்தில் அதைப் பிடித்தால் என்ஜின் விடுபட்டு வண்டி இன்னும் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். சாக்பீஸ் கோட்டுப் பயிற்சியை நீங்கள் இரண்டு மடங்கு செய்யுங்கள்.

உயரம் பெரிய தடை இல்லை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் சீட் உயரம் 785 மி.மீ., எடை 112 கிலோ. ஷைன் 100 சீட் 786 மி.மீ., எடை 99 கிலோ. இரண்டு காலும் முழுதாகப் படிய வேண்டியதில்லை. இடது கால் உறுதியாக ஊன்ற, வலது கால் பிரேக்கில் இருந்தால் போதும். கடையில் சும்மா ஏறி உட்கார்ந்து பார்க்காமல், தினமும் போடும் செருப்பைக் கழற்றிவிட்டு கணுக்காலை மூடும் ஷூ போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் 2003 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்பது வருடமாக ஷெட்டில் நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. அதை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: முதலில் ஒன்று: கிக்கரை மிதிக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் பசை இருக்காது, பிஸ்டன் ரிங் துருவோடு உரசும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் 5 மில்லி என்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் பலம் போடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். வார்னிஷ் வாடை அடிக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அடியில் தங்கித் துரு பிடிக்கும். துருவோடு புதுப் பெட்ரோல் ஊற்றினால் கார்புரேட்டர் ஒரே நாளில் அடைத்துவிடும். பெட்ரோல் டியூப் மரத்துப் போயிருக்கும், மாற்றுங்கள். கார்புரேட்டரில் முக்கியமாக அடைவது, ஆக்சிலரேட்டர் தராதபோது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் ஊசித்துளை. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் அதுதான் காரணம். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதவேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போகும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலிக்கூடு இருக்க வாய்ப்பு அதிகம். ஒயரையும் கடித்திருக்கும். என்ஜின் ஆயில் 900 மில்லி, 10டபிள்யூ-30, பாட்டிலில் ஜாஸோ எம்.ஏ. என்ற குறி இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஸ்டார்ட் ஆகி 300 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மாற்றுங்கள், உள்ளிருந்த கசடு அதோடு போகும். பேட்டரி செத்திருந்தாலும் இந்த வண்டி கிக்கில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்யாது. அப்படி ரோட்டுக்கு வராதீர்கள்.

முதல் கியர் போட்டதும் கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி குதித்தால் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. என்ஜினை ஆஃப் செய்து, டாப் கியரில் கிளட்ச் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். 'டக்' என்று விடுபடும்.

இனி வருவதில்தான் சிக்கனம் பார்க்கக்கூடாது. இரண்டு டயர், இரண்டு டியூப், முன் பின் பிரேக் ஷூ புதிதாகப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. பழைய ஷூவில் லைனிங் பிளந்து டிரம்முக்குள் சிக்கினால் ஓடும்போதே சக்கரம் லாக் ஆகும். ஷூவை விரித்துத் தள்ளும் பிரேக் கேமைக் கழற்றித் துடைத்து மிகக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், லைனிங்கில் படக்கூடாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. என்ஜின் உறுமியதும் சந்தோஷத்தில் ஒரு ரவுண்டு கிளம்பிவிடுவதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. பிரேக் முடியாமல் நகர்த்தாதீர்கள்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பதால் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு பெயர் மாற்ற வேண்டும். 15 வருடம் கடந்துவிட்டதால் படிவம் 25-ல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆய்வுக்குக் காட்டணும். சரியானால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போங்கள்.

கேள்வி: லைசென்ஸ் காலாவதியாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. அபராதம் கட்டிப் புதுப்பிக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் நேரடியாகப் புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். 40 வயதுக்கு மேல் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். லைசென்ஸில் கியருள்ள மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் மட்டும் இருந்தால் எல்.எல்.ஆர். எடுத்துச் சேர்க்க வேண்டும். செல்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால், எதிராளிக்குக் கொடுத்த இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களிடமே திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி: புது வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சே இல்லையே, ஏன்? வேறு என்ன மாறியிருக்கிறது?
— வாசகர், காரைக்குடி

பதில்: 2017 ஏப்ரல் முதல் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது), 125 சிசி வரை ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். (முன் பின் பிரேக்கை இணைப்பது) கட்டாயமானது. சி.பி.எஸ். வண்டியில் கால் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அது போதாது, கையும் வேண்டும். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது லீவர் துடிக்கும். பயந்து விட்டுவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான்.

2020-ல் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சோக் இல்லை, ரிசர்வும் இல்லை. பெட்ரோல் விளக்கு எரிந்தால் அப்போதே பங்க் தேடுங்கள். டேங்க் வறண்டு ஓடினால் உள்ளிருக்கும் பம்ப் சூடாகிக் கெடும். கியர் போட்டதும் என்ஜின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஹெல்மெட் பத்திரமாக இருக்கிறது. போடலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். அடியை வாங்குவது உள்ளே இருக்கும் தெர்மாக்கோல். வியர்வையிலும் சூட்டிலும் அது இறுகிவிடும். ஐந்து வருடம் தாண்டினால் மாற்றுங்கள். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ராப் போட்டபின் பின்பக்கம் பிடித்து முன்னால் தள்ளுங்கள், கழன்று வந்தால் சைஸ் பெரிது. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். கீறல் விழுந்த வைசரில் எதிர் லைட் சிதறி இரவில் ரோடே தெரியாது. வைசரை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எப்போது மனைவியைப் பின்னால் உட்கார வைக்கலாம்?
— வாசகர், ஈரோடு

பதில்: ஒரு மாதமாவது தனியாக ஓட்டி, திடீர் பிரேக்கில் கையும் காலும் ஒன்றாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு. செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாகவும் இருவராகவும் போகும்போது வைக்க வேண்டிய காற்றளவு தனித்தனியாக இருக்கும். பின் டயருக்கு இருவர் அளவைக் காலையில் டயர் சூடாகும் முன் பிடியுங்கள். பின் ஷாக் அப்சார்பரை ஒரு படி இறுக்குங்கள். பிரேக்கைச் சற்று முன்னதாகவே தொடங்குங்கள். அவரும் ஹெல்மெட் போட்டு, சேலை முந்தானையையோ துப்பட்டாவையோ இடுப்பில் செருகி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும். சேலை கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.