பிள்ளைகள் உறங்கிய பிறகு படிக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

(மென்பொருள் சோதனைத் துறையில் பணிபுரிபவரும், பிள்ளை வளர்ப்புக்காக நான்கு ஆண்டுகள் வேலையை விட்டிருந்து திரும்பியவருமான ஓர் அம்மையார் பதிலளிக்கிறார்.)

கேள்வி: வணக்கம் மேடம். நானும் மென்பொருள் சோதனையாளராக இருந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டவள். லிங்க்ட்இன் பக்கத்தில் அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது? (மதுரை)

பதில்: மறைக்க வேண்டாம். பணி இடைவெளியைப் பதிவு செய்ய அந்தத் தளத்தில் 2022 முதல் தனி இடமே இருக்கிறது. குழந்தை வளர்ப்பையும் காரணமாகக் குறிப்பிடலாம். அதைவிட முக்கியம், பழைய சகாக்களுக்கு என்ன எழுதுகிறீர்கள் என்பது. "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால், கைவசம் வேலை இல்லாதவர் சங்கடப்பட்டுப் பதில் போடாமல் விட்டுவிடுவார். "உங்கள் குழுவில் இன்னும் செலினியம்தானா, பிளேரைட்டுக்கு மாறிவிட்டீர்களா?" என்று (இரண்டும் மென்பொருள் சோதனைக் கருவிகள்) கேட்டால், எவ்வளவு வேலை இருந்தாலும் இரண்டு வரி எழுதத் தோன்றும். எனக்குத் திரும்பி வர வழி திறந்ததும் அப்படி ஒரு கேள்வியால்தான்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். ஐ.ஐ.டி.கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடத்தில் இருமுறை சேர்ந்து, மகளின் வீட்டுப்பாடம், தாயாரின் மருத்துவமனை அலைச்சல் ஆகியவற்றால் பாதியில் நின்றுவிட்டேன். (கோவை)

பதில்: ஐயா, நீங்கள் இரண்டு முறையும் 12 வாரப் பாடத்தைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 8 வாரப் பாடத்தில் தொடங்குங்கள். ஒரு வாரம் ஒப்படைவை அனுப்பத் தவறியதும் எல்லாம் போயிற்று என்று விலகுகிறவர்களே அதிகம். ஆனால் 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 ஒப்படைவுகளின் சராசரியை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள் என்பதால், தாயாருக்காக இரண்டு வாரங்கள் போனாலும் மதிப்பெண் குறையாது. ஒப்படைவுக்கு 25, தேர்வுக்கு 75 என்ற கணக்கில், சான்றிதழுக்கு முறையே 10, 30 எடுத்தால் போதும். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். அந்தத் தேர்வை வார இறுதியில் நேரில் சென்று எழுத வேண்டியிருப்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து, அன்று தாயாருடன் யார் இருப்பார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். கணவன் படிக்க உட்கார்ந்தால் வீடே அமைதியாவதும், மனைவி உட்கார்ந்தால் ஆளாளுக்கு ஏதாவது கேட்பதும் நம் வீடுகளின் வழக்கம் என்பதால், இதில் உங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு!

கேள்வி: செவிலியர்களுக்கான 14 வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். எதையும் படிக்க முடியவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: யாராவது தவறாக ஒன்றைச் சொன்னால் மற்றொருவர் திருத்துகிற குழு எதுவோ, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழுவிலும் நோயாளியின் படத்தையோ மருத்துவக் குறிப்பையோ பகிராதீர்கள்.

கேள்வி: மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன். 26 வாரங்களில் ஏதேனும் இணையவழிப் பயிற்சி முடிக்கலாமா? (சென்னை)

பதில்: முதல் மூன்று மாதங்களுக்கு வேண்டாம், உறங்குங்கள். அதன் பிறகு, பயிற்சியைத் தேடுவதற்கு முன், பிற நிறுவனங்களில் இருக்கும் தோழியரிடம் குழந்தைக் காப்பகம் பற்றி விசாரியுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அதை அவர்கள் தங்கள் அலுவலகத்தில் எப்படிக் கேட்டுப் பெற்றார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, விடுப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.